தாலிக் காட்சிக்கு எதற்கு விசில்? 'புதுப்பேட்டை' மறுபடி திரைக்கு வந்தபோது

முத்துப்பட்டணம் மீனா
காரைக்குடியில் 'புதுப்பேட்டை'யை மறுபடி திரையிட்டார்கள். போய்ப் பார்த்தேன். 2006இல் வந்த செல்வராகவன் படம், தனுஷ் கொக்கி குமாராக நடித்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அம்மாவை அப்பாவே கொன்றுவிட, வீட்டை விட்டு ஓடிய பள்ளிக்கூடப் பையன் பிச்சை எடுத்து, ரவுடிக் கும்பலில் சேர்ந்து, தலைவனையே கொன்று தலைவனாகிற கதை.

நண்பனின் தங்கை செல்வியின் கல்யாணத்துக்குப் போகிற குமார், அவள் கழுத்தில் கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். அந்த இடத்தில் அரங்கமே விசிலடித்தது. பேப்பரைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை நாசமாகிறது, அதற்குக் கொண்டாட்டமா? எனக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பையன்கள். 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் இது. இதைத் திரும்பக் கொண்டுவந்து திருவிழாவாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

செக்காலை சிவா
ஆச்சி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதைப் படத்தின் மேல் காட்டாதீர்கள். தாலி கட்டியதோடு கதை முடியவில்லையே. அப்புறம் குமாருக்கு என்ன கிடைக்கிறது? கூடவே இருந்த நண்பன் பகையாளி ஆகிறான். பெற்ற அப்பனை உயிரோடு புதைக்கிறான். துரத்துகிறவர்களிடமிருந்து காப்பாற்ற, பெற்ற பிள்ளையைக் குப்பைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகிறான். இதில் எதைப் பார்த்து ஒருவனுக்கு ரவுடியாக ஆசை வரும்?

'நாயகன்' (1987), 'பாட்ஷா' (1995), 'புதுப்பேட்டை' மூன்றுக்கும் வசனம் எழுதியவர் பாலகுமாரன். முதல் படத்தில் வேலு நாயக்கர் ஏழைகளுக்குக் காவலாக நிற்கிறார். நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது நாம் அழுகிறோம். இரண்டாவதில் நண்பனைக் கொன்றவர்கள் மேல் பழி. இரண்டுமே ரவுடிக்கு ஒரு நியாயத்தைத் தேடிக் கொடுத்த படங்கள். அதே எழுத்தாளர் இருந்தும் 'புதுப்பேட்டை' அந்த நியாயத்தைத் தரவில்லை. குமாரால் ஊருக்கு ஒரு நன்மையும் இல்லை. பசிக்காகச் சேர்ந்தான், பயத்தில் கொன்றான், அப்புறம் பதவிக்காகக் கொன்றான். கடைசியில் அரசியலில் பெரிய ஆளாகிறான். அதையும் மறைக்காமல் காட்டியதால்தான் எனக்கு இந்தப் படத்தின் மேல் மரியாதை.

தேவகோட்டை வாசகர்
தம்பி சிவா, கதையைத் தாளில் எழுதி வாசித்தால் நீங்கள் சொல்வது சரி. திரையில் அப்படி இல்லை. குமார் நடந்து வரும்போது யுவன் சங்கர் ராஜாவின் இசை எழும்புகிறதே, அது என்ன சொல்கிறது? 'இவனைப் பார், பயப்படு' என்றா, 'இவனைப் பார், கைதட்டு' என்றா? எங்கே கை தட்டுவார்கள் என்று தெரியாமல் எந்த இயக்குநரும் படம் எடுப்பதில்லை. குப்பைத் தொட்டிக் காட்சியை எத்தனை பேர் போனில் வைத்திருக்கிறார்கள்? ஸ்டேட்டஸில் வருவதெல்லாம் அந்த நடையும் வசனமும்தான்.

காரைக்குடிக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பெரியது. தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் நடத்திய ஸ்டுடியோவில் எடுத்த 'நாம் இருவர்' 1947இல் வந்தது. அதில் பாரதியார் பாட்டுகள் இருந்தன. அந்தக் காலத்துப் படம் மாதிரியே இப்போதும் எடுக்கச் சொல்லவில்லை. நூறு பேரை ஒன்றாக இருட்டில் உட்காரவைத்து ஒரே நேரத்தில் ஒரே உணர்ச்சியைக் கிளப்புகிற சக்தி சினிமாவுக்கு உண்டு என்று தெரிந்தவர்கள், அதைக் கொஞ்சம் பயத்தோடு கையாள வேண்டும் என்கிறேன்.

ராயபுரத்து மருமகள்
பிறந்து வளர்ந்தது ராயபுரம், வாழ்க்கைப்பட்டது பள்ளத்தூர். நீங்கள் மூன்று பேரும் பேசாத ஒன்றை நான் பேசுகிறேன்.

புதுப்பேட்டை என்பது எழும்பூர் பக்கத்தில் இருக்கிற நிஜமான பேட்டை. வண்டி உதிரிபாகக் கடைகளுக்குப் பேர் போனது. பழைய வண்டியைப் பிரித்து, நட்டு போல்ட்டைக்கூட வீணாக்காமல் விற்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பேர் சொன்னால் ஞாபகம் வருவது கொக்கி குமார். எங்களைப் போன்ற வடசென்னைக்காரர்களுக்கும் இதே கதிதான். 2018இல் 'வட சென்னை' வந்தபோது மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, படகில் வரும் ஒரு காட்சியை நீக்கினார். அவர் செவிகொடுத்தார், அது நல்லது. ஆனால் பெரும்பாலான படங்களில் எங்கள் தெரு என்றால் கத்தி, கஞ்சா, கெட்ட வார்த்தை. என் மாமியார் வீட்டில் முதல் வருஷம் 'உங்க ஊரில் ராத்திரி வெளியே போக முடியுமா?' என்று கேட்காத உறவினர் இல்லை. படத்துக்குக் கைதட்டுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் வலி தெரியாது.

கானாடுகாத்தான் கருப்பையா
அக்கா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் வீட்டையும் படப்பிடிப்புக்கு விட்டிருக்கிறோம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, நீளமான வளவு எல்லாம் கேமராவுக்குப் பிடிக்கும். பெரும்பாலும் இங்கே எடுப்பது என்ன? பண்ணையார் வீடு, ஜமீன் வீடு, மீசை முறுக்கிய வில்லன் வீடு. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டி வட்டிக்கடையும் வியாபாரமும் செய்தவர்கள் கட்டிய வீடுகள் இவை. திரையில் பார்க்கிறவன் முற்றத்தைக் கண்டாலே அரிவாளை எதிர்பார்க்கிறான்.

அந்த அரிவாள் படங்களுக்குக் குடும்பத்தோடு போகிறோமே, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தங்கச்சிக்காக நாலு பேரை வெட்டினால் பாசம். குலதெய்வம் கோயில் வாசலில் வெட்டினால் வீரம். அப்பத்தாவும் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறார். சென்னைச் சேரிப் பையன் வெட்டினால் மட்டும் சமூகம் கெட்டுப்போகிறதா? ரத்தம் எல்லாம் ஒரே நிறம்தான். என்னைக் கேட்டால் வெட்டுக்கு நியாயம் கற்பிக்கிற அரிவாள் படம்தான் அதிக ஆபத்து. அதைப் பார்க்கிற பையன் தன் கோபமும் நியாயம் என்று நம்பிவிடுவான்.

தேவகோட்டை வாசகர்
கருப்பையா, நீங்கள் சொன்ன அரிவாள் படங்களையும் நான் எதிர்க்கிறேன். ஒரு தப்பைக் காட்டி இன்னொன்றை விடச் சொல்லாதீர்கள்.

டிக்கெட் கவுண்டர்
தியேட்டரில் வேலை பார்க்கிறவன் என்பதால் பையன்கள் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 'ஏ' படத்துக்கு 18 வயதுக்குக் கீழே யாரையும் விடக்கூடாது என்பது சட்டம். 'யுஏ' அப்படியில்லை. 2023 திருத்தச் சட்டம் அதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தாலும், பிள்ளையைக் கூட்டிவரலாமா என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் 'ஏ' என்றாலே பதறுகிறார்கள். 2025இல் 'கூலி'க்கு 'ஏ' கொடுத்ததை எதிர்த்துத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மனு தள்ளுபடி ஆனது.

எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். டிக்கெட்டை அண்ணன் போனில் எடுக்கிறான், தம்பி உள்ளே வருகிறான். ஆதார் கேட்டால் சண்டை. போன மாதம் ஒரு அப்பாவே என் சட்டையைப் பிடித்தார், 'என் பிள்ளை, நான் கூட்டிவருகிறேன், உனக்கென்ன?' என்று.

முத்துப்பட்டணம் மீனா
தம்பி, உங்கள் மேல் கை வைத்த அந்த அப்பாவை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம். ஆனாலும் வாசலில் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

சிவா, படத்தைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த பட்டியலைத் திரும்பப் படியுங்கள். குமாருக்கு என்ன ஆனது, குமார் எதை இழந்தான் என்றே எழுதியிருக்கிறீர்கள். செல்விக்கு என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. அன்பு என்கிற தாதாவின் பிடியில் கிடந்த கிருஷ்ணவேணி பற்றியும் இல்லை. படத்தை ஆழமாகப் பார்க்கிற நீங்களே அவனுடைய கண் வழியாகப் பார்க்கும்போது, முன் வரிசைப் பையன் எப்படிப் பார்ப்பான்?

செக்காலை சிவா
ஆச்சி, அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வைத்ததும் இந்தப் படம்தானே. குமாரைப் போலீஸ் சுட்டுக் கொன்று, 'வாய்மையே வெல்லும்' என்று முடித்திருந்தால் நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள். செல்வியைப் பற்றி இங்கே யாரும் பேசியிருக்க மாட்டோம்.

ராயபுரத்து மருமகள்
நிம்மதியாக வீட்டுக்குப் போவது அவ்வளவு கேவலமா சிவா? செல்வியைப் பற்றிப் பேச ஒரு படம் வேண்டுமென்றால் செல்வியை நடுவில் வைத்து எடுக்கட்டும், முதல் ஆளாக நான் டிக்கெட் எடுக்கிறேன். புதுப்பேட்டையில் கிரீஸ் கையோடு காலை எட்டு மணிக்குக் கடை திறக்கிறவனைப் பற்றியும் யாராவது எடுக்கட்டும்.