உடைந்த போனுக்குள் ஆதென்டிகேட்டர் மாட்டிக்கொண்டது, செப்டம்பரில் ஜெர்மனி கிளம்புகிறேன் – உதவி வேண்டும் [தீர்ந்தது]

கொழிஞ்சைக் கயல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. கோயம்புத்தூரில் கணினி அறிவியல் முடித்தேன். அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ் வந்துவிட்டது. விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் கட்ட வேண்டிய 11,904 யூரோவுக்கு அப்பா வங்கிக் கடன் ஏற்பாடு செய்துவிட்டார். இந்த நேரம் பார்த்து என் போன் மாடிப்படியில் விழுந்துவிட்டது.

திரையில் படம் தெரிகிறது. குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. மேல் பாதியில் தொட்டால் வேலை செய்கிறது, கீழ்ப்பாதி செத்துவிட்டது. பக்கவாட்டு பட்டனில் கைரேகை வைத்தால் திறக்கிறது. ஆனால் கீபோர்டு வரும் இடம் முழுக்க அந்தச் செத்த பகுதிக்குள்தான்.

லாகின் செய்யும்போது பாஸ்வேர்டுக்கு அடுத்துக் கேட்கும் என் டூ-ஃபேக்டர் கோடுகள் (ஆறு இலக்க எண்கள்) எல்லாம் அந்தப் போனில் உள்ள கூகுள் ஆதென்டிகேட்டரில் இருக்கின்றன. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், மெயில், பல்கலைக்கழக போர்ட்டல், என் டொமைன், பிளாக்டு அக்கவுண்ட் எல்லாமே. ஆப்பை கூகுள் கணக்கோடு சேர்க்காமல் பயன்படுத்துகிறேன், அதனால் வேறெங்கும் நகல் இல்லை. போன் இல்லாதபோது உள்ளே போக உதவும் ரெகவரி கோடும் கையில் இல்லை.

கிட்ஹப்பை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. பள்ளியில் படிக்கும்போது எழுதிய முதல் நிரலில் இருந்து எல்லாம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தமிழில் அடித்தாலும் மலையாளத்தில் அடித்தாலும் ஒன்றாகத் தேடித் தரும் ஒரு சின்ன நிரல் அங்கே வைத்திருக்கிறேன். விண்ணப்பக் கடிதத்தில் அந்த இணைப்பைத்தான் கொடுத்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். சிம் அப்பா பெயரில் இருக்கிறது, அங்கே போன பிறகு வங்கி ஓடிபி எப்படி வரும்? விசாவுக்கு நான் சென்னையா, பெங்களூரா? படித்தது கோவை, வீடு பாலக்காடு மாவட்டம்.

வாளையார் ரவி:

தங்கச்சி, போனை விடுங்கள், முதலில் லேப்டாப்பைப் பாருங்கள். கிட்ஹப் அதில் லாகின் ஆகியே இருக்கிறதா? இருந்தால் எந்தக் காரணம் கொண்டும் லாக்அவுட் செய்ய வேண்டாம், குக்கீகளையும் அழிக்க வேண்டாம். செட்டிங்ஸில் பாஸ்வேர்டு பகுதிக்குள் டூ-ஃபேக்டர் இருக்கும், அங்கே ரெகவரி கோடு பார்க்கலாம். உள்ளே விடும் முன் மறுபடி அடையாளம் கேட்கும், பாஸ்வேர்டு கொடுத்தாலே போதும். 16 கோடு வரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான்.

பாஸ்வேர்டு இல்லாமலே கிட்ஹப்போடு இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி லேப்டாப்பில் இருந்தால் அதற்கு டூ-ஃபேக்டர் கேட்காது. எதற்கும் எல்லா ரெப்போவையும் (நிரல் தொகுப்புகளை) இன்றைக்கே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். டூ-ஃபேக்டரும் ரெகவரி கோடும் இரண்டுமே போய்விட்டால் கிட்ஹப் உதவிக் குழுவே கணக்கை மீட்டுத் தரும் என்று உறுதியில்லை.

கொழிஞ்சைக் கயல்:

லாகின் ஆகித்தான் இருக்கிறது அண்ணா! கோடு 16-ம் வந்துவிட்டது, அச்செடுத்துவிட்டேன். ரொம்ப நன்றி. ஆனால் பல்கலைக்கழக போர்ட்டலும் பிளாக்டு அக்கவுண்டும் தானாக லாக்அவுட் ஆகிவிட்டன. அவற்றுக்கு அந்தப் போன்தான் வழி.

புதுநகரம் பிரசாத்:

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? கடையில் கொடுத்து ரீசெட் அடித்து டிஸ்பிளே மாற்றச் சொல்லுங்கள், ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும்.

பொள்ளாச்சி மொபைல் செல்வம்:

பிரசாத் தம்பி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கூகுள் கணக்கோடு சேர்க்காத ஆதென்டிகேட்டரில் கோடுகளை உருவாக்கும் ரகசியச் சாவி எல்லாம் அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருக்கும். ரீசெட் அடித்தால் எல்லாம் போச்சு. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதே கதிதான். நான் கடை வைத்திருக்கிறேன், இப்படிக் கண்ணீரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் முகம் இன்னும் மறக்கவில்லை.

கயல், நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

போன் எக்காரணம் கொண்டும் அணையக் கூடாது. அணைந்து எழுந்தால் ஆண்ட்ராய்டு முதல் முறை கைரேகையை ஏற்காது, பின் நம்பரைத்தான் கேட்கும். பின் அடிக்கும் கட்டம் உங்களுக்குச் செத்த பகுதியில் வருகிறது. அதனால் இப்போதே சார்ஜரில் போட்டு நூறு சதவீதம் ஏற்றுங்கள்.

அப்புறம் போனில் மவுஸ் போன்றவற்றைச் செருக உதவும் ஒரு ஓடிஜி கேபிள், வயர் வைத்த சாதாரண மவுஸ் ஒன்று. கடையில் கேட்டால் உடனே கிடைக்கும். போனில் மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்துக் கீழ்ப்பாதியிலும் கிளிக் செய்யலாம். டெவலப்பர் ஆப்ஷன் எதுவும் வேண்டாம். மவுஸ் செருகிய பிறகு சார்ஜ் போட இடம் இருக்காது, முழு சார்ஜ் கேட்டது அதற்குத்தான்.

சில போன்களில் அம்பு வராது. அவற்றில் ஓடிஜி என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், ஆன் செய்தாலும் சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். அந்த சுவிட்சைச் செட்டிங்ஸில் தேட கீபோர்டு வேண்டுமே என்று நினைக்காதீர்கள். மேலிருந்து விரலால் இழுத்து ஆட்டோ ரொட்டேட் ஆன் செய்துவிட்டு, போனைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். இப்போது செத்த பாதி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், கீபோர்டில் பாதி எழுத்து கைக்கு எட்டும். மீதி எழுத்துக்குப் போனை எதிர்ப்பக்கமாகப் படுக்க வையுங்கள், அந்தப் பாதியும் எட்டும். பொறுமையாகச் செய்தால் OTG என்று மூன்று எழுத்து அடிப்பது பெரிய வேலை இல்லை.

உள்ளே போனதும் ஆதென்டிகேட்டரில் மெனு, டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ், எக்ஸ்போர்ட். க்யூஆர் கோடு வரும். கணக்கு நிறைய இருந்தால் ஒன்றுக்கு மேல் வரும், எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க அந்த ஆப் விடாது, இன்னொரு போனால் நேராகத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கொழிஞ்சைக் கயல்:

செல்வம் அண்ணா, விரிசல் க்யூஆர் மேலேயே போகிறதே, ஸ்கேன் ஆகுமா?

பொள்ளாச்சி மொபைல் செல்வம்:

க்யூஆர் கோட்டுக்குள் கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும்படி உபரித் தகவல் சேர்த்திருப்பார்கள். எந்த அளவு வைத்து உருவாக்கினார்கள் என்பதைப் பொறுத்து 7 சதவீதத்தில் இருந்து 30 சதவீதம் வரை சேதம் தாங்கும். ஒரு மெல்லிய விரிசல் பெரும்பாலும் தடுக்காது. மூலையில் உள்ள மூன்று பெரிய சதுரங்கள் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு, ட்யூப்லைட் கண்ணாடியில் அடிக்காத இடமாக உட்காருங்கள்.

கொழிஞ்சைக் கயல்:

வந்துவிட்டது! ஓடிஜி சுவிட்ச் உள்ள போன்தான் என்னுடையது. போனை இப்படியும் அப்படியும் திருப்பி அடித்து அந்த இடத்தைப் பிடித்தேன். மவுஸ் அம்பு திரையில் ஓடியதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுப் போன் இன்னும் வாங்கவில்லை, அதனால் அப்பா போனில் ஆப்பைப் போட்டு ஸ்கேன் செய்தேன். எல்லாக் கணக்கும் வந்தது.

ஆனால் அப்பா போனில் வரும் ஆறு இலக்கத்தை பல்கலைக்கழக போர்ட்டல் தவறு என்கிறது. பிளாக்டு அக்கவுண்டும் அதையே சொல்கிறது. ஸ்கேன் செய்யும்போது சாவி கெட்டுப்போயிருக்குமா?

மீனாட்சிபுரம் டு மியூனிக்:

சாவி கெட்டிருந்தால் ஸ்கேனே ஆகியிருக்காது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒரே கணக்கைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா? இல்லை என்றால் அப்பா போனின் கடிகாரத்தைப் பாருங்கள்.

இந்த எண் எங்கிருந்தோ அனுப்பப்படுவது இல்லை. 1970 ஜனவரி 1-ஆம் தேதியில் இருந்து ஓடிய நொடிகளை முப்பது முப்பதாகப் பிரித்து, அந்தக் கணக்கையும் ரகசியச் சாவியையும் சேர்த்துப் போனே போடும் கணக்கு. ஆர்எஃப்சி 6238 என்ற தரம் அது, 2011-இல் வந்தது. எதிரில் உள்ள சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்கும். முன்னே பின்னே ஒரு முப்பது நொடி தள்ளியிருந்தால் வழக்கமாக விட்டுவிடும், அதற்கு மேல் போனால் ஏற்காது.

கொழிஞ்சைக் கயல்:

அதேதான்! இரண்டும் வேறு வேறு எண். அப்பா காலையில் பால் சொசைட்டிக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்று போன் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார். தானியங்கி நேரத்துக்கு மாற்றியதும் இரண்டு போனிலும் ஒரே எண் வந்தது. போர்ட்டல் திறந்துவிட்டது, பிளாக்டு அக்கவுண்டும் திறந்துவிட்டது. எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அப்படியென்றால் ஜெர்மனி நேரத்துக்கு மாறினால் இந்த எண்கள் எல்லாம் தப்பாகிவிடாதா?

மீனாட்சிபுரம் டு மியூனிக்:

ஆகாது. கணக்குப் போடுவது உலகப் பொது நேரத்தை வைத்து. நேர மண்டலம் மாறினால் திரையில் தெரியும் மணி மட்டும்தான் மாறும். நீங்கள் இறங்கும்போது ஜெர்மனியில் நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நாலரை. மணியைக் கையால் திருகி மாற்றாதீர்கள், தானியங்கியில் விட்டுவிடுங்கள்.

புதுப் போன் வாங்கியதும் ஏஜிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப்பைப் பாருங்கள். கூகுள் ஆதென்டிகேட்டரின் எக்ஸ்போர்ட் க்யூஆரை அது படிக்கும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்பாக நகல் எடுத்து வைக்கலாம். ஆண்ட்ராய்டில் மட்டும்தான் உண்டு.

இப்போது சிம். கிளம்பும் முன் இங்கேயே இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கி வையுங்கள், அங்கே போய்ச் செய்யலாம் என்று விட வேண்டாம். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்கு வழக்கமாகக் காசு இல்லை, உங்கள் பிளானில் அதை உறுதி செய்யுங்கள். மொபைல் டேட்டாவை மட்டும் அந்த சிம்முக்கு அணைத்து வையுங்கள். ப்ரீபெய்டு என்றால் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுத்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இடம் தருகிறது. பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். நான் அதை நம்பி விடுவதில்லை, வீட்டில் சொல்லி ரீசார்ஜ் செய்துவிடுகிறேன்.

எண் அப்பா பெயரில் இருப்பதைக் கிளம்பும் முன் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சிம் தொலைந்து மாற்று வாங்க வேண்டி வந்தால் அப்போது அலைச்சல் மிச்சம். வங்கிக்கும் போய்ச் சொல்லுங்கள். படிக்க வெளிநாடு போகிறவர்களை அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா விதிப்படி வெளிநாடு வாழ் இந்தியராகத்தான் கொள்கிறார்கள், சேமிப்புக் கணக்கை அவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அதை மாற்றும்போதே பதிவு மெயிலையும் சரிபாருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் டூ-ஸ்டெப் பின் போட்டு மெயிலைச் சேர்த்துவிடுங்கள். அதே எண்ணிலேயே அங்கே வைஃபையில் ஓடும், எண் மாற்ற வேண்டியதில்லை.

புதுநகரம் பிரசாத்:

ரீசெட் பற்றி நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம், செல்வம் அண்ணா சொன்னதுதான் சரி. விசாவுக்குச் சென்னைதானே? கல்லூரி கோவையில் என்றால் தமிழ்நாடு கணக்கு.

மீனாட்சிபுரம் டு மியூனிக்:

இல்லை, கல்லூரி எங்கே என்பது கணக்கில்லை, குடியிருப்பு எங்கே என்பதுதான். கேரளமும் கர்நாடகமும் பெங்களூர் தூதரகத்துக்குக் கீழ் வருகின்றன, தமிழ்நாடு சென்னைக்கு. கயல் வீடு கொழிஞ்சாம்பாறை, பாஸ்போர்ட்டிலும் அந்த முகவரிதான் இருக்கும், ஆக பெங்களூர். நேரில் அங்கேயே போக வேண்டியதில்லை, கொச்சியில் விண்ணப்ப மையம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். வேலந்தாவளத்தில் சாலையைத் தாண்டினால் தமிழ்நாடு, காய்கறி வாங்குவது அந்தப் பக்கம், படிப்பது அந்தப் பக்கம். ஆனால் தூதரகம் பார்ப்பது முகவரியைத்தான்.

கொழிஞ்சைக் கயல்:

நல்லவேளை கேட்டேன், தோழிகள் எல்லாரும் சென்னை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொச்சிக்கே பதிவு செய்கிறேன். புதுப் போன் வந்ததும் ஏஜிஸுக்கு மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் ஒரு முறை லாகின் செய்து பார்த்த பிறகுதான் பழைய போனை அழிப்பேன். அதுவரை அது சார்ஜரிலேயே இருக்கும். ரெகவரி கோடு காகிதத்தில் ஒரு படி சான்றிதழ் ஃபைலில், ஒரு படி அம்மாவின் பீரோவில். தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிட்டேன். ரவி அண்ணா, செல்வம் அண்ணா, மியூனிக் அண்ணா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

கோபாலபுரம் சாந்தி:

இந்த இழையைப் படித்துத்தான் என் மகன் போனில் கோடு எல்லாம் அச்செடுத்தோம். அவன் கனடா போகிறான். இந்திய எண் இல்லாமல் அங்கிருந்து யுபிஐ போட முடியுமா?

மீனாட்சிபுரம் டு மியூனிக்:

முடியும் அக்கா. 2023 ஜனவரியில் பத்து நாட்டு எண்களுக்கு யுபிஐ அனுமதித்தார்கள், கனடா அதில் உண்டு. கணக்கு வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ வகையாக இருக்க வேண்டும், அந்த வங்கியும் இந்த வசதியைத் தர வேண்டும். அவன் கிளம்பும் முன் வங்கியில் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.