பல் மகுடமா, பல்லுறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பல்லின் மேல் மூடிபோல வைக்கும் கிரவுனுக்கு எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் விஷயம். நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும், நான் தலைப்பைத் தாண்டவில்லை. இப்போதைக்குப் 'பல் மகுடம்'. ஜிர்கோனியம் மகுடம், பீங்கான் பூசிய உலோக மகுடம், தங்க மகுடம் என்று மற்றவையும் இதையொட்டியே வரும். சரிதானா?

மறுமொழி 1

மகுடம் வேண்டாம். 'மெலி மேவின் னணவும்' என்கிறது நன்னூல், அதாவது மெல்லினம் வந்தால் 'ல்' 'ன்' ஆகும். புணர்த்தினால் பன்மகுடம் ஆகிவிடும், பல மகுடங்கள் என்றுதான் படிப்பார்கள். முடி என்று வைத்தாலும் பன்முடிதான். அதோடு, முடி என்றால் இன்று தலைமயிர்தான் முதலில் நினைவுக்கு வரும். கையுறை, வாளுறை போலப் 'பல்லுறை' என்று வையுங்கள். நல்ல தமிழ், யாருக்கும் புரியும்.

மறுமொழி 2

ஐயா, பல்லாண்டு, பல்லுயிர் என்பவற்றில் வரும் 'பல்' எது? பன்மகுடத்துக்குச் சொன்ன குறை பல்லுறைக்கும் உண்டு. அதைவிட, உறை என்பது கழற்றி மாட்டுவது. கிரவுனைச் செதுக்கிய பல்லின் மேல் சிமெண்டு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். இரவில் கழற்றி வைக்கலாம் என்று யாராவது நினைத்துவிட்டால்?

'வேய்தல்' என்ற வினையைப் பாருங்கள். கூரை வேய்கிறோம், அரசன் முடி வேய்கிறான். மூடுவதும் சூடுவதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. மூங்கிலுக்கு வேய் என்ற பெயர் வந்ததுகூடக் கூரை வேய உதவியதால்தான் என்பது என் துணிபு. ஆகவே 'பல்வேய்வு'. பீங்கானையும் மாற்றலாம், அது பாரசீகத்திலிருந்து வந்த சொல்.

மறுமொழி 3

நான் பல் மருத்துவர். என்னிடம் வருபவர்கள் எல்லாரும் 'கேப்' என்றுதான் சொல்கிறார்கள். பல்வேய்வு என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பீங்கானைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எல்லாருக்கும் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

எனக்கு உறுத்துவது 'பூசிய' என்ற சொல். பீங்கான் தூளை நீரில் குழைத்து, தூரிகையால் உலோகக் கூட்டின் மேல் அடுக்கடுக்காக ஏற்றி, உலையில் சுடுகிறார்கள். சூளையில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. 'பூச்சு' என்று படித்தவர் உரிந்துவிடுமா என்று கேட்பார். அது உரியாது, ஆனால் சில்லாகப் பெயரலாம். ஈறு இறங்கினால் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியும். 'உலோகத்தின் மேல் சுட்ட பீங்கான்' என்று எழுதுங்கள்.

அப்புறம், 'ஜிர்கோனியம்' என்று எழுதவே கூடாது. ஜிர்கோனியம் உலோகம். நாங்கள் வைப்பது ஜிர்கோனியா, அதன் ஆக்சைடு, பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. உலோக ஒவ்வாமை உள்ளவர் அந்த ஒரு 'ம்'மைப் பார்த்துப் பயந்துவிடுவார். விரிசல் ஓடப் பார்க்கும் இடத்தில் அதன் படிகங்கள் உருமாறிச் சற்றே பருத்து விரிசலை நெருக்குகின்றன. அதனால்தான் கடைவாய்ப் பல்லுக்கும், பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் அதைச் சொல்கிறோம். முன்பல்லுக்குப் பெரும்பாலும் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான். ஒளி உள்ளே புகுந்து வருவதால் சொந்தப் பல் போலவே இருக்கும். தங்கத்துக்குப் பல்லைக் கொஞ்சம் செதுக்கினால் போதும், எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது. நிறம்தான் பலருக்கும் பிடிப்பதில்லை.

மறுமொழி 4

நன்றி. ஜிர்கோனியம் என் பிழைதான், திருத்திவிட்டேன். 'சுட்ட பீங்கான்' அப்படியே போகிறது. தலைப்பில் 'பல் உறை' என்று இடம் விட்டு எழுதுகிறேன். முதல் வரி: 'கேப் என்று சொல்வது இதைத்தான். இதைப் பல்லோடு ஒட்டிவிடுவார்கள், நீங்களாகக் கழற்ற முடியாது.' இதற்கு மேல் காத்திருக்க நேரமில்லை.

மறுமொழி 5

கழற்ற முடியாது என்று முதல் வரியிலேயே விளக்க வேண்டியிருக்கிறதென்றால் அந்தச் சொல் பொருந்தவில்லை என்றுதானே பொருள்? எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது பல்வேய்வு வரட்டும்.