எம்ஜிபி ஜிடி 1971: கையில் 1,500 பவுண்ட். 5 கியர் பெட்டியா, ஓவர்டிரைவா? பின்னால் ‘டொக்’ சத்தமும் உண்டு

லெஸ்டர்_கார்த்தி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 4 கியர், கம்பி வீல். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்க, கியர் பெட்டிக்குப் பின்னால் பூட்டும் கூடுதல் கியர்) கிடையாது. இன்ஜின் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. புகை இல்லை, சூடான பிறகும் ஆயில் பிரஷர் நன்றாக நிற்கிறது. தொல்லையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எம்1 நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போனால் முள் 3,900 ஆர்பிஎம்மில் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து மறுபடி வைத்தால் பின்னால் ‘டொக்’ என்று ஒரு அடி. ரிவர்ஸில் இருந்து முதல் கியருக்கு மாற்றும்போது இன்னும் பலமாகக் கேட்கிறது. அது போக 60 மைல் வாக்கில் சீட்டுக்கு அடியில் லேசான நடுக்கம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 5 கியர் பெட்டியைப் பொருத்தும் கிட் போட வேண்டும், 3.07 ஆக்சில் (ஷாஃப்ட் 3.07 முறை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) போட வேண்டும், முடிந்தால் ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் போட வேண்டும் என்பது ஆசை. கிட் மட்டுமே இருக்கும் பணத்தை விழுங்கிவிடும் போலிருக்கிறது. எதை முதலில் செய்வது?

பழைய_சாவி:

தம்பி, சாமான் வாங்குகிற கதையைப் பிறகு கதைப்போம். அந்த ‘டொக்’ எங்கிருந்து வருகிறது என்று முதலில் வடிவாகப் பாருங்கள். தளர்ந்த ஆக்சிலுக்கு முன்னால் புது கியர்பொக்ஸ் போட்டாலும் ‘டொக்’ அப்படியே இருக்கும், காசுதான் போகும்.

முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பொக்ஸில் இருந்து ஆக்சிலுக்குப் போகும் நீண்ட தண்டு) கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். ஷாஃப்ட் அசைந்து அதன் நுனியில் இருக்கும் பிளேன்ஜ் என்ற தட்டு அசையாவிட்டால், இரண்டையும் இணைக்கும் யூனிவர்சல் ஜொயின்ட் போய்விட்டது. பிளேன்ஜும் சேர்ந்து தாராளமாகத் திரும்பினால் ஆட்டம் டிஃபரன்ஷியலுக்குள்ளே (ஆக்சிலின் நடுவில், இரண்டு பின் சில்லுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரங்கள்).

அடுத்தது கம்பிச் சில்லு. யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, சில்லை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஹப் (சில்லு ஏறும் நடுக்குடம்) நிற்க சில்லு மட்டும் துளி அசைந்தாலும் இரண்டையும் பிணைக்கும் ஸ்பிளைன் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சில்லைக் கழற்றி ஹப்பின் பல்லைத் தடவிப் பாருங்கள், நுனி கத்தி போலக் கூராக இருந்தால் ஹப் மாற்ற வேண்டும். இதைச் சும்மா விடாதீர்கள். பல் முழுவதும் தேய்ந்தால் ஒரு நாள் பிரேக் பிடிக்கும்போது ஹப் நிற்கும், சில்லு நிற்காது.

நடுக்கத்துக்கு ஒரு சோதனை: 60 மைலில் 4ஆம் கியரிலும் 3ஆம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் அதே வேகத்தில் நடுங்கினால் இன்ஜினையும் கிளட்சையும் விட்டுவிடலாம். ஷாஃப்ட், ஜொயின்ட், சில்லு பலன்ஸ், இந்த மூன்றில் ஒன்று.

கணக்குப்பிள்ளை:

கியர் விகிதத்தைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா?

உங்கள் ஆக்சில் விகிதம் 3.909. 4ஆம் கியர் நேரடி, அதாவது 1.00. இதில் 1,000 ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ 17.9 மைல் வேகம். எம்ஜிபியில் வரும் லேகாக் நிறுவனத்தின் எல்ஹெச் வகை ஓவர்டிரைவின் விகிதம் 0.82. அது விழுந்தால் 1,000க்கு 21.8 மைல், 70 மைலில் சுமார் 3,200 ஆர்பிஎம். எம்எக்ஸ்-5 பெட்டியின் 5ஆம் கியர் 0.814. ஃபோர்டு சியரா காரின் டைப் 9 பெட்டியும் அதே அளவுதான். ஆக நெடுஞ்சாலையில் எதைப் போட்டாலும் முள் நிற்கும் இடம் ஒன்றே. எம்எக்ஸ்-5 பெட்டி எடை குறைவு, கியர் மாற்றும் சுகமே தனி. ஆனால் அந்தச் சுகத்துக்குத் தனி பெல்ஹவுசிங், புதிய ஷாஃப்ட், கிளட்ச் மாற்றம் என்று விலை ஏறிக்கொண்டே போகும்.

டைப் 9இல் இன்னொரு சங்கடம், அதன் 1ஆம் கியர் 3.65. எம்ஜிபியின் சொந்தப் பெட்டியில் 3.44. ஏற்கெனவே குட்டையான 1ஆம் கியர் இன்னும் குட்டையாகிவிடும். சிக்னலைத் தாண்டுவதற்குள் 2ஐத் தேட வேண்டும்.

3.07 ஆக்சிலில் 70 மைலுக்கு 3,070 ஆர்பிஎம்தான் வரும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா கியரும் சேர்ந்து நீண்டுவிடும். அந்த ஆக்சில் எம்ஜிபியின் 8 சிலிண்டர் வகையான ஜிடி வி8க்குப் போட்டது. அதில் 3,528 சிசி இன்ஜின், 193 பவுண்ட்-அடி டார்க் (சுழற்றும் விசை). உங்களுடையது 110 பவுண்ட்-அடி. ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் வண்டியை எடுக்கும்போது கிளட்ச் நாறும்.

என் ஓட்டு ஓவர்டிரைவுக்கு. 3ஆம் கியரிலும் அது வேலை செய்வதால் மொத்தம் 6 விகிதம் கையில் இருக்கும். 3உம் ஓவர்டிரைவும் சேர்ந்தால் 1.13. ஊர்ப்புறச் சாலையில் 50 மைலில் போக அதைவிட வசதி கிடையாது.

அம்பாசடர்_பிரியன்:

கோவையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். நம்ம அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பிஎம்சி பி சீரிஸ் குடும்பம்தான். அதனால் ஒரு பாசம். பட்ஜெட் என்கிறீர்கள், அதே பணத்தில் கேம்ஷாஃப்ட் மாற்றி, வெபர் கார்புரேட்டர் போட்டால் இழுவை கூடுமே?

கணக்குப்பிள்ளை:

அண்ணா, அவர் கேட்டது சத்தம் குறைய. நீங்கள் சொல்வது சத்தம் கூட.

லெஸ்டர்_கார்த்தி:

சாவி ஐயா சொன்னபடியே பார்த்தேன். ஸ்பிளைன் தப்பியது. பல் மொட்டையாக, நல்ல நிலையில் இருக்கிறது. பின் யூனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டம் உண்டு, கிராஸின் ஓரத்தில் துருப்பொடி கசிந்து சிவப்பாக இருக்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டபடி பினியன் பிளேன்ஜைத் திருப்பினால் அதுவும் தாராளமாகப் போய் ‘டொக்’ என்று நிற்கிறது. 60 மைல் நடுக்கம் 3ஆம் கியரிலும் அப்படியே வருகிறது. கிரவுனும் பினியனும் (ஆக்சிலின் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) போய்விட்டதா? ஆக்சில் முழுவதும் மாற்ற வேண்டுமா?

பழைய_சாவி:

பயப்பட வேண்டாம். ஓடும்போது ஊளைச் சத்தம் இல்லையென்றால் கிரவுன், பினியன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எம்ஜிபியில் இந்த ‘டொக்’குக்கு வழக்கமான காரணம் டிஃபரன்ஷியலுக்குள் சின்னப் பல்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் செப்பு திரஸ்ட் வோஷர். கிண்ணம் மாதிரி வளைந்த மெல்லிய தகடு. தேய்ந்து கடதாசி போலாகிவிடும், சில நேரம் உடைந்து தூளாகிக் கிடக்கும். விலை சில பவுண்ட்தான்.

உங்களுடையது டியூப் ஆக்சில், பின்னால் மூடி இருக்கிறது. ஓயிலை வடித்து மூடியைத் திறங்கள். குறுக்கே இருக்கும் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன ரோல் பின்னைத் தட்டி எடுத்தால் குறுக்குப் பின் வெளியே வரும். பிறகு சின்னச் சக்கரங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் உருட்டிக்கொண்டு வந்தால் வோஷரோடு வெளியே வந்துவிடும். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று அடையாளம் வையுங்கள். குறுக்குப் பின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மூடிக்குப் புது கஸ்கெட், உள்ளே ஈபி90 ஓயில்.

ஜொயின்ட் மாற்றக் கழற்றும் முன் பிளேன்ஜிலும் ஷாஃப்டிலும் பெயின்ட் கோடு போடுங்கள், பூட்டும்போது அதே இடத்தில் சேர வேண்டும். சறுக்கும் ஸ்பிளைனைத் தனியே இழுத்துவிட்டால் இரண்டு பக்கத்து யோக்கும் (ஜொயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்கோட்டில் வந்ததா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் புது நடுக்கம் வரும்.

லெஸ்டர்_கார்த்தி:

வாஷர் மாற்றியாகிவிட்டது. பழையதில் ஒன்று இரண்டு துண்டாக வந்தது. பின் ஜாயின்ட்டும் புதிது. ‘டொக்’ முக்கால்வாசி போய்விட்டது, நடுக்கம் சுத்தமாக இல்லை. இதற்கு ஆன செலவு ஒரு முறை பெட்ரோல் டேங்க் நிரப்புவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அடுத்து ஓவர்டிரைவ். 1973 வண்டியில் இருந்து கழற்றிய பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வண்டி இல்லை, பெட்டி மட்டும் தரையில் கிடக்கிறது. ஓட்டிப் பார்க்க வழியில்லாதபோது எதைப் பார்த்து வாங்குவது?

பழைய_சாவி:

ஓவர்டிரைவின் அடியில் ஒரு தகடு இருக்கும், அதைக் கழற்றினால் வடிகட்டி. விற்பவர் கழற்ற விட்டால் அதுதான் முதல் சோதனை. கறுப்பான நைஸ் பசை இருந்தால் பரவாயில்லை. நகத்தில் சிக்குகிற இரும்புத் துணுக்கு இருந்தால் கையைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள். இந்த கியர்பொக்ஸில் முதலில் போவது உள்ளே இருக்கும் துணைத் தண்டான லேஷாஃப்ட், அதன் ஊசி பெயரிங் உதிர்ந்து அங்கேதான் வந்து சேரும்.

மேலே உள்ள சிறு தகட்டின் நிறத்தைப் பாருங்கள். முந்தியது கறுப்பு, பிந்தியது நீலம். கறுப்பு வழக்கமாக 1280 (ஒரு மைலுக்கு மீட்டர் கேபிள் சுற்றும் எண்ணிக்கை) என்று எழுதிய ஸ்பீடோமீட்டருக்கு, நீலம் 1000க்கு. உங்கள் மீட்டர் முகத்தில் அந்த எண் பொடியாக இருக்கும். பொருந்தாவிட்டாலும் வண்டி ஓடும், மீட்டர்தான் பொய் சொல்லும். 1977க்குப் பிந்திய பெட்டி என்றால் ஓவர்டிரைவ் 4ஆம் கியரில் மட்டும்தான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவர்டிரைவை மின்சாரத்தால் இயக்கும் சொலினொயிட்டுக்கு ஒரு 12 வோல்ட் பற்றரியில் இருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள், ‘டிக்’ என்று கேட்க வேண்டும். மவுண்ட், கிரொஸ்மெம்பர் (பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), புரொப்பல்லர் ஷாஃப்ட் எது கிடைத்தாலும் பெட்டியோடு சேர்த்தே வாங்குங்கள். ஷாஃப்ட் நீளத்தை அளக்காமல் எதையும் பூட்ட வேண்டாம். 1968 மாடலில் இருந்து டனல் (கியர்பொக்ஸ் உட்காரும் தரை நடு மேடு) அகலம், தகரம் வெட்டுகிற வேலை உங்களுக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எம்ஜிபியில் கியர்பாக்ஸைக் கீழ்வழியாக மட்டும் இறக்க முடியாது, இன்ஜினோடு சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதே கூத்துதான். அதனால் தூக்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இங்கே 80 பவுண்ட் மிச்சம் பிடித்தால் அடுத்த வருஷம் மறுபடி கிரேன் வாடகை.

லிமிடெட் ஸ்லிப்பை மறந்துவிடுங்கள். ரேஸ் ஓட்டாதவருக்கு இந்த இன்ஜினில் அது தேவையே படாது. இன்ஷூரன்ஸ்காரரிடம் ஓவர்டிரைவ் போட்டதை ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

லெஸ்டர்_கார்த்தி:

வடிகட்டியில் பசை மட்டும்தான், தகடு கறுப்பு, என் மீட்டரும் 1280. வாங்கிவிட்டேன். கிளட்ச், சீல் எல்லாம் சேர்த்தும் பட்ஜெட்டுக்குள் நிற்கிறது. கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்? கடையில் ஈபி90 கொடுக்கிறார்கள்.

பழைய_சாவி:

ஈபி90 ஆக்சிலுக்கு மட்டும். கியர்பொக்ஸுக்கு இன்ஜினுக்கு ஊற்றுகிற அதே 20டபிள்யூ-50. ஓவர்டிரைவும் அதே ஓயிலில்தான் ஓடுகிறது. அந்த ஓயிலின் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கோன் கிளட்சைத் தள்ளிப் பிடிக்கிறது. வழுக்கலைக் கூட்டுகிற மருந்து எதையும் அதில் கலக்கக் கூடாது. முதலில் ஓட்டிப் பெட்டிக்குள் ஓயில் பரவிய பிறகு மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள், குறைந்திருக்கும்.

வயரிங்கில் ஒரு தனி ஃபியூஸ் போடுங்கள். தொழிற்சாலையில் அதைப் போடாமல் விட்டார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

லெஸ்டர்_கார்த்தி:

பூட்டி, எம்1இல் போய் வந்தேன். 70 மைலில் 3,200. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறது (இதனால் சில பாதகங்களும் உண்டு).

ஒரே குறை, 4இல் ஓவர்டிரைவ் உடனே பிடிக்கிறது, 3இல் அசையவே இல்லை. பெட்டிக்குள் கோளாறா?

பழைய_சாவி:

4இல் நன்றாகப் பிடிக்கிறது என்றால் அழுத்தமும் சொலினொயிட்டும் சரி. சந்தேகம் இன்ஹிபிட்டர் சுவிட்ச் மேல். கியர் லீவரின் ரிமோட் ஹவுசிங்கில் திருகியிருக்கும், 3, 4 இரண்டிலும் மட்டும் கரண்டை விட வேண்டியது அதன் வேலை. இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஓட விடாமல், ஓவர்டிரைவ் சுவிட்சைப் போட்டுவிட்டு லீவரை 3க்கும் 4க்கும் மாற்றிக் காது கொடுங்கள். 4இல் ‘டிக்’ கேட்டு 3இல் கேட்காவிட்டால் அதேதான்.

சுவிட்சுக்கு அடியில் ஃபைபர் வோஷர் அடுக்கியிருப்பார்கள். ஒன்றைக் குறைத்தால் சுவிட்ச் இன்னும் உள்ளே போகும், 3இலும் பொத்தான் அமுங்கும். பின் கிரொஸ்மெம்பரைக் கொஞ்சம் இறக்கினால் கை போகும். பூட்டிய பிறகு நியூட்ரல், 2, ரிவர்ஸ் மூன்றிலும் போட்டுப் பாருங்கள், எதிலும் ‘டிக்’ கேட்கக் கூடாது. முக்கியமாக ரிவர்ஸில். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது பின்னுக்குப் போனால் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் உடைந்துவிடும். ரிவர்ஸில் கேட்டால் எடுத்த வோஷரைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுதுங்கள், சுவிட்சையே மாற்றுவோம்.

லெஸ்டர்_கார்த்தி:

ஒரு வாஷர் எடுத்தேன். 3இலும் ‘டிக்’, ரிவர்ஸில் இல்லை. நன்றி ஐயா. மிச்சம் 140 பவுண்ட் இருக்கிறது. முன் யூனிவர்சல் ஜாயின்ட்டையும் மாற்றிவிடவா?

பழைய_சாவி:

மாற்றுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.