அப்பாவின் லேத் பட்டறையில் மிஞ்சிய இரும்பு, பித்தளை: எப்படித் தரம் பிரித்து விற்பது?

கணபதி லேத் மகள்:
வணக்கம். அப்பா தவறி நான்கு மாதம் ஆகிறது. கோவை கணபதியில் 26 வருடம் லேத் பட்டறை வைத்திருந்தார். பெரும்பாலும் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் தரும் மெட்டீரியலைக் கூலிக்குக் கடைந்து கொடுப்பது. லேத்தையும் டிரில்லிங் மெஷினையும் அவரிடம் வேலை பார்த்த அண்ணனே எடுத்துக்கொள்கிறார், அதில் சிக்கல் இல்லை. மிச்ச மெட்டீரியல்தான் புரியவில்லை. ரேக்கில் விதவிதமான ராடுகள், சிலவற்றின் முனையில் பச்சை, மஞ்சள் பெயின்ட். பித்தளையும் கன்மெட்டல் (செம்புக் கலவை) புஷ் துண்டுகளும் கலந்து இரண்டு பெட்டி. தேய்ந்த டூல்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. லேத்தில் கடையும்போது விழும் டர்னிங் சுருள் நான்கு மூட்டை.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்தார். எடைகூடப் போடாமல், எல்லாம் சேர்த்து 60,000 தருகிறேன், நாளைக்கே வண்டி கொண்டுவருகிறேன் என்றார். ஷெட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், அதனால் அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொரு சந்தேகம்: 25 மி.மீ. ராடு, ஒரே நீளத்தில் வெட்டிய 18 துண்டுகள் இருக்கின்றன. காந்தம் நன்றாக ஒட்டுகிறது, ஆனால் துளிகூடத் துரு இல்லை. இது இரும்பா, எஸ்எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)?

பழைய டர்னர்:
அம்மணி, அப்பா போனதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. எடை போடாமல் விலை சொல்பவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அவருக்கு அந்தப் பிஸ்கட் டின்னில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அந்த டின்னிலிருந்தே தொடங்குங்கள். கார்பைடு டிப்புகளை (டூலின் முனையில் வெட்டும் கடினத் துண்டுகள்) கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவு இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். அதில் இருப்பது டங்ஸ்டன். கார்பைடைத் தனியாகக் கிலோ கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், இரும்பு விலையோடு ஒப்பிடவே முடியாது. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட்டுகளில் எம்2, எம்35 என்று ரகம் குத்தியிருந்தால் அவற்றைத் தனியாக வையுங்கள். நீளம் மிச்சமிருந்தால் இன்னொரு டர்னரே வாங்கிக்கொள்வார்.

பித்தளையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அதை யாரும் இரும்பு விலைக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் கன்மெட்டலைப் பிரித்துவிடுங்கள். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் பித்தளை மஞ்சளாகவும் கன்மெட்டல் சற்றுச் சிவந்தும் தெரியும். கன்மெட்டல் என்றால் 88 சதவீதம் செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம் என்பது கணக்கு. கலந்து கிடந்தால் மொத்தத்துக்கும் பித்தளை விலைதான்.

நிஜமாக ஏமாறும் இடம் அலாய் ஸ்டீல், அதாவது வேறு உலோகங்கள் கலந்த எஃகு. ஈஎன்24 என்ற அலாய் ரக ராடும் சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடும் பார்வைக்கு ஒன்றுதான். குவியலில் போனால் இரண்டும் இரும்பு விலை. பெயின்ட் அடித்த முனையை வெட்டாதீர்கள், அழிக்காதீர்கள். அந்த நிறம் கடைக்குக் கடை மாறும். அப்பாவின் பழைய பில்களை எடுத்து, ராடு வாங்கிய கடையில் நிறத்தைச் சொல்லிக் கேளுங்கள். பெயின்ட் இல்லாதவற்றை அந்த அண்ணனை விட்டு கிரைண்டரில் பொறி பார்க்கச் சொல்லுங்கள். எம்எஸ்ஸில் பொறி நீளக் கோடாகப் போகும், கார்பன் கூடினால் பூப்பூவாக வெடிக்கும், ஹெச்எஸ்எஸ்ஸில் மங்கிய சிவப்பாகக் கொஞ்சமே வரும். அலுமினியத்தை மட்டும் கல்லில் வைக்கக் கூடாது, கல் அடைத்துக்கொள்ளும்.

துரு பிடிக்காமல் காந்தம் ஒட்டுவது பெரும்பாலும் எஸ்எஸ்ஸில் 410 என்ற ரகம். பம்ப் ஷாஃப்ட்டுக்குப் போடுவது. காந்தம் ஒட்டினால் எஸ்எஸ் இல்லை என்பது 304, 316 போன்ற ரகங்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் ஒரே நீளத்தில் 18 துண்டு என்றால் எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது. அது அப்பாவின் மெட்டீரியல்தானா? ஜாப் ஒர்க்குக்குக் கஸ்டமர் கொடுத்ததாக இருக்கலாம். டெலிவரி சலானையோ நோட்டையோ பாருங்கள். பார்க்காமல் விற்றால் நாளைக்கு அவர் வந்து நிற்பார்.

குறிச்சி கடைக்காரர்:
நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவன். டர்னர் சொல்வது சரி. எடையை நீங்களே முன்கூட்டிப் போட்டு வையுங்கள். உருட்டு ராடுக்கு விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 40 மி.மீ. ராடு மீட்டருக்கு 9.9 கிலோ. பித்தளை என்றால் 150-ஆல் வகுக்க வேண்டும். சுருளில் இரும்பும் பித்தளையும் கலந்திருந்தால் காந்தத்தால் இரும்பை எடுத்துவிடுங்கள், ஆயிலை வடிய விடுங்கள். லோடு ஏற்றும் முன்னும் பின்னும் எடைமேடைச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
அப்பா பெயரில் ஜிஎஸ்டி பதிவு இருந்தால், விற்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். வாரிசுதான் ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், கையிருப்புச் சரக்குக்கு வரிக் கணக்கு வரும், ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்குப் போட வேண்டும். பதிவே இல்லை என்றால், பதிவுள்ள கடைக்குப் பழைய உலோகம் விற்கும்போது 10.10.2024 முதல் வரி கட்ட வேண்டியது வாங்குபவர். வரி என்று சொல்லி உங்கள் பணத்தில் கழிக்க விடாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் சம்மதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணபதி லேத் மகள்:
டர்னர் அண்ணா, நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். நோட்டில் அப்பா கையெழுத்தில் இருந்தது: "410 ஷாஃப்ட், 30 வந்தது, 12 கொடுத்தது." மீதி 18. அந்தக் கஸ்டமருக்குப் போன் செய்தேன். அவரே வந்து எடுத்துக்கொண்டு, அந்த 12-க்கான கூலி பாக்கியையும் கொடுத்துவிட்டுப் போனார். கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிட்டேன் என்றார்.

டின்னில் கார்பைடு மட்டும் 6 கிலோவுக்கு மேல் இருந்தது. பச்சை முனை ராடுகள் ஈஎன்24 என்று கடையில் சொன்னார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவர் நீளம் பார்த்துப் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். இரும்புக் குவியல் இன்னும் கிடக்கிறது, ஆனால் முதலில் வந்தவர் சொன்ன தொகையை இப்போதே தாண்டிவிட்டோம். பதிவு இருந்தது, ஆடிட்டரிடம் எல்லாவற்றுக்கும் கணக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். 75 மி.மீ. எஸ்எஸ் ராடு ஒன்று, ஒன்றரை மீட்டர். காந்தம் ஒட்டவில்லை. 316 என்றால் வாங்குகிறேன், சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார்.

பழைய டர்னர்:
ஐம்பது கிலோவுக்கு மேல் வரும் அம்மணி, டெஸ்ட் செலவைத் தாங்கும். முனையில் ஒரு வில்லை அறுத்து டெஸ்டிங் லேபில் ஸ்பெக்ட்ரோ (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மாலிப்டினம் 2 சதவீதம் காட்டினால் 316. அந்த ரிப்போர்ட்டையே அவரிடம் காட்டுங்கள்.