அம்மா அப்பாவோடு டர்க்கி ரன் டிரெயில் 3: போகலாமா?

ஃபிஷர்ஸ்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஒரு மாதம் ஆகிறது. இண்டியானாபோலிஸ் டவுன்டவுன், கால்வாய்க்கரை, கோயில், காஸ்ட்கோ எல்லாம் பார்த்தாயிற்று. "இந்த ஊரில் மலை, காடு ஒன்றும் கிடையாதா? எங்கே பார்த்தாலும் சோளக்கொல்லைதானா?" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

டர்க்கி ரன் ஸ்டேட் பார்க்கில் டிரெயில் 3 என்று ஒரு வட்டத்தடம் இருப்பதாக ஆபீஸில் சொன்னார்கள். 1.7 மைல்தான், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாமாம். அப்பாவுக்கு 68 வயது, தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடப்பார். அம்மாவுக்கு முட்டிவலி, சேலைதான் கட்டுவார். மகளுக்கு 8 வயது. அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று எண்ணம். நடுவில் ஏணி இருக்கிறது என்கிறார்களே, அது எப்படிப்பட்ட ஏணி? போனவர்கள் சொல்லுங்கள்.

சுகர்கிரீக் சுந்தரம்:
தம்பி, 12 வருடமாக வருடத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1.7 மைலை நம்பாதீர்கள். நம் கணக்கில் 2.7 கிலோமீட்டர், அப்பாவின் காலை நடையில் பாதிதான். ஆனால் அங்கே பல இடங்களில் பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, ஓடைதான் பாதை. ராக்கி ஹாலோ என்ற இடுக்குக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் மணற்பாறைச் சுவர், காலுக்கடியில் தண்ணீர், பாசி. பனியுகத்தின் கடைசியில் உருகி ஓடிய தண்ணீர் அறுத்த இடுக்குகள் என்கிறார்கள். பாறை அதைவிட ரொம்பப் பழசு, 30 கோடி வருடத்துக்கும் மேல். பஞ்ச் போல் என்று ஒரு இடம் உண்டு. சுழலில் மாட்டிய கற்கள் சுற்றிச் சுற்றி, ஆட்டுக்கல் குழி மாதிரியே பாறையைக் குடைந்து வைத்திருக்கின்றன. என் மனைவி அதைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை "மாவாட்டலாம்". மேலே நிமிர்ந்தால் பாறை விளிம்பில் ஹெம்லாக் மரங்கள். அவை குளிர்ப்பிரதேசத்து மரங்கள். பனிக்காலம் முடிந்து மற்ற இடமெல்லாம் சூடான பிறகும் இந்தக் குளிர்ந்த இடுக்குகளை ஒட்டித் தங்கிவிட்டவை. ஆக, மகளோடு போனால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை மூன்று ஆனது.

இப்போது ஏணி. பேர் ஹாலோ என்கிற இடுக்கில் வரிசையாக மூன்று ஏணிகள். உயரம் பயமுறுத்தாது. நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. விஷயம் என்னவென்றால், எந்தத் திசையில் வட்டம் சுற்றுகிறீர்களோ அதைப் பொறுத்து அவற்றில் ஏறுவீர்கள் அல்லது இறங்குவீர்கள். நான் சொல்வது இதைத்தான்: ஏறுகிற திசையில் போங்கள்.

காரணம் என் மாமனார். மின்வாரியத்தில் 30 வருடம் கம்பம் ஏறிய மனிதர். 2018-இல் வந்திருந்தபோது நான் எதையும் யோசிக்காமல் ராக்கி ஹாலோவில் தொடங்கி, ஏணிகளில் இறங்குகிற மாதிரி கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஏணியில் சரசரவென்று இறங்கினார். இரண்டாவதில் பாதியில் நின்றுவிட்டார். ஒரு கால் ஏணிப்படியில், இன்னொரு கால் அந்தரத்தில் துழாவுகிறது. மேலே ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். நான் கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம் கீழே மாமா, இன்னும் கொஞ்சம்" என்று கத்துகிறேன். அவருக்குக் கோபம்: "கீழே என்றால் எங்கேடா? ஒன்றுமே தெரியவில்லை!" நான் பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை, கண்ணாடி! அவர் போட்டிருந்தது தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்த இரட்டைக் கண்ணாடி. குனிந்து பார்த்தால் படிக்கிற பாகம் வழியாகத்தான் காலைப் பார்க்க வேண்டும், அதில் நாலடி தூரத்தில் இருக்கும் படி கலங்கலாகத்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார், அடுத்த நிமிடம் இறங்கிவிட்டார். ஏறும்போது இந்தத் தொல்லை கிடையாது. பிடிக்கிற படி முகத்துக்கு நேரே இருக்கும், கையும் கண்ணும் ஒரே இடத்தில்.

உங்கள் அப்பா என்ன கண்ணாடி போடுகிறார் என்று பாருங்கள். தூரப்பார்வைக்கு மட்டும் பழைய கண்ணாடி ஒன்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஓடும் சுகர் கிரீக் ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தால் இடுக்குகளும் நிரம்பியிருக்கும். ஷூ நனையும், அதைத் தவிர்க்க முடியாது. கல்லுக்குக் கல் தாவித் தப்பிக்கப் பார்ப்பவர்கள்தான் விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். நேராகத் தண்ணீரில் காலை வைத்து நடங்கள். மாற்று ஷூவும் டவலும் காரில் இருக்கட்டும். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், வாசலில் கொடுக்கும் வரைபடத்தை ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை என்கிறீர்களே, பார்க் கவுண்டியின் கூரைப் பாலத் திருவிழா அக்டோபர் இரண்டாவது வெள்ளி தொடங்கி 10 நாள் நடக்கும். அந்தச் சமயத்தில் போனால் கிராஃபோர்ட்ஸ்வில் தாண்டியதுமே கார் நகராது. ஏணிக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். முந்தைய வாரத்தில் ஒரு நாள் லீவு போடுங்கள்.

இரு பிள்ளை அம்மா:
அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பாவம், அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

தம்பி, முட்டிவலியோடு டிரெயில் 3 வேண்டாம். முட்டி பாழாகிவிடும். "பாலம் வரைக்கும் மட்டும் வரட்டுமே" என்றும் நினைக்காதீர்கள். டிரெயில் 3-க்குப் போகத் தாண்ட வேண்டிய தொங்குபாலத்துக்கே நிறையப் படி இறங்க வேண்டும், திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும். என் அம்மா அந்தப் படியில்தான் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு டிரெயில் 11 போதும். அரை மைல், கிட்டத்தட்டச் சமதரை. பழைய மரக்கட்டைத் தேவாலயம் ஒன்று, லீபர் கேபின் என்ற மரவீடு, கூடவே அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு மரங்கள். இந்தக் காடு ஒரு நாளும் முழுக்க வெட்டப்படாத காடு, அதனால்தான் அந்த உயரம். யாராவது ஒருவர் அம்மாவோடு இருங்கள், அந்நிய ஊரில் தனியாக விடாதீர்கள். சேலையை ஒரு சாண் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், உண்ணி ஏறும். எல்லோருமே வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், காது மடல் எல்லாம் பார்த்துவிடுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியை மகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாய்சன் ஐவியாக இருந்தால் இரண்டு வாரத்துக்குச் சொறிய வேண்டியதுதான்.

கழிப்பறைக்கு நேச்சர் சென்டர் பக்கத்திலேயே போய்விட்டுப் பாலம் தாண்டுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் காரிலேயே புளித்துவிடும்.

பழையகணக்கு:
காடு வெட்டப்படாத கதையை நான் சொல்லிவிடுகிறேன், நடக்கும்போது அப்பாவுக்குச் சொல்ல உதவும். லஸ்க் குடும்பத்தின் நிலம் அது. ஜான் லஸ்க் மரம் வெட்ட வந்தவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டே இருந்தார். 1915-இல் அவர் இறந்ததும் நிலம் ஏலத்துக்கு வந்தது. மாநிலம் பிறந்து நூறாண்டு ஆன 1916-ஐ ஒட்டிப் பூங்காக்கள் அமைக்க ரிச்சர்ட் லீபர் என்பவர் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். ஏலத்தில் மரப்பலகைக் கம்பெனி ஒன்று 30,200 டாலர் கேட்டது. லீபர் தரப்பு வெறும் 100 டாலரில் தோற்றது. பிறகு 1916 நவம்பரில் அந்தக் கம்பெனியிடமே 40,200 டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஒரு மரத்தையும் தொடாமல் 10,000 டாலர் லாபம்! ராக்வில் ஊர்ப் பத்திரிகையாளர் ஜூலியட் ஸ்ட்ராஸ் இதற்காக விடாமல் எழுதினார், அவர் நினைவாகச் சிலையும் பூங்காவில் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் சுந்தரம் அண்ணனோடு மாறுபடுகிறேன். நான் எப்போதும் ராக்கி ஹாலோவில்தான் தொடங்குவேன். காலையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த இடுக்குக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். ஏணிப் பக்கத்திலிருந்து வந்தால் அங்கே சேரும்போது ஊரே கூடியிருக்கும்.

சுகர்கிரீக் சுந்தரம்:
உங்களுக்கு வயது 30, கண்ணாடியும் கிடையாது. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் இறங்கலாம் தம்பி. அந்த அமைதிக்கு ஆசைப்பட்டால் காலை 8 மணிக்கு வண்டி நிறுத்துகிற மாதிரி கிளம்பினால் போதும், எந்தத் திசையில் போனாலும் கிடைக்கும். ஃபிஷர்ஸ்காரருக்கு என் பதில் மாறவில்லை, ஏறுங்கள்.

ஃபிஷர்ஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று, புதன்கிழமை, போய்விட்டு வந்தோம். காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பினோம், வழியில் ஒரு டீ நிறுத்தத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

மனைவியும் அம்மாவும் டிரெயில் 11. தேவாலயத்துக்குள் போய் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாமி கும்பிட்டாராம். "எந்தச் சாமியானால் என்ன, இடம் சுத்தமாக இருக்கிறது" என்றாராம்.

அப்பா போடுவது ப்ரோக்ரெசிவ் கண்ணாடி, அதிலும் கீழ்ப்பாகம் படிப்பதற்குத்தான். நல்லவேளை, பெட்டியில் பழைய தூரக் கண்ணாடி இருந்தது. ஏறுகிற திசையில்தான் போனோம். முதல் ஏணி முடிந்ததும் மகளிடம் "இன்னும் எத்தனை?" என்று கேட்டார், அவள் கூசாமல் "இதுதான் தாத்தா கடைசி" என்றாள். மூன்றாவது ஏறி முடித்ததும்தான் அவளைத் திட்டினார். ராக்கி ஹாலோ வழியாகத் திரும்பும்போது 100 டாலர் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஓடையில் அப்படியே நின்று, சுவரை நிமிர்ந்து பார்த்து, "நூறு டாலர் என்றால் அப்போது எத்தனை ரூபாய்?" என்றார். எனக்குத் தெரியவில்லை, பழையகணக்கு வந்து சொல்லட்டும்.

விழுந்தது நான் ஒருவன்தான். கல்லுக்குக் கல் தாவினேன். டவல் மூன்று கொண்டுபோயிருந்தோம், நாலு வேண்டும்.