புதுப்பிப்பு: டொராண்டோ ஸ்கார்பரோ வீட்டு ஹீட் பம்ப், முதல் குளிர்காலம்

மாடியில் டக்ட் (சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்) கிடையாது, சுவரடியில் பொருத்திய பழைய பேஸ்போர்டு மின் ஹீட்டர்கள்தான். 12,000 பிடியு (சூட்டுத் திறனின் அளவு) மினி ஸ்ப்ளிட், அதாவது வெளிக்காற்றின் சூட்டை எடுத்து உள்ளே தரும், டக்ட் தேவையில்லாத ஹீட் பம்ப், போடலாமா என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். நவம்பரில் போட்டோம். இப்போது பிப்ரவரி முடிகிறது.

முதல் மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் மைனஸ் 5 டிகிரியிலேயே சூடு குறைந்துவிட்டது. வேறொரு டெக்னீஷியனை அழைத்தோம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவியதும் ஒரு ஃப்ளேர் நட்டில் (விரித்த குழாய் வாயை இறுக்கும் நட்) குமிழி வந்தது; சூட்டைச் சுமக்கும் வாயு அங்கேதான் கசிந்திருக்கிறது. முதலில் போட்டவர்கள் செம்புக் குழாயின் வாயைக் கோணலாக விரித்து, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கியிருக்கிறார்கள். மீதி வாயுவை எடுத்து, குழாயை வெட்டிப் புதிதாக விரித்து, நைட்ரஜன் அழுத்தி, அழுத்தம் குறைகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச, வேக்கம் பம்பை உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போகும்வரை ஓட்டி, வாயுவை எடைபோட்டு நிரப்பினார். தயவுசெய்து, போடும் நாளிலேயே பக்கத்தில் நின்று நைட்ரஜன், வேக்கம் என்ற இந்த இரண்டு சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

வெளி யூனிட்டைத் தரையில் வைக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம். டிஃப்ராஸ்ட் ஆகும்போது (தன்மேல் படிந்த உறைபனியை யூனிட் உருக்கும்போது) வடியும் நீர் அடியிலேயே உறைந்து மேடாகிறது. எங்களுடையது 18 அங்குல ஸ்டாண்டில் இருப்பதால் பனி குவிந்தாலும் தப்பித்தது.

பேஸ்போர்டுகளைக் கழற்றவில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் அவை தரும்; ஹீட் பம்ப் மிதமான குளிரில் இரண்டு, மூன்று மடங்கு தரும். ஆனால் மைனஸ் 20 இரவில் பின்னறைக்கு அவை தேவைப்பட்டன. அம்மாவின் அறையில் இப்போது இரவெல்லாம் 21 டிகிரி நிற்கிறது.