அமெதிஸ்ட்: செவ்வந்திக்கல்லா, சுகந்தியா, நாவற்கல்லா?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கட பள்ளிக்கூடத்தில விஞ்ஞானக் கண்காட்சி. அமெதிஸ்ட் எண்ட ஊதாப் படிகக் கல்லுக்குச் செவ்வந்திக்கல் எண்டு லேபல் எழுதி வச்சன், ஒரு பிள்ளை வந்து "டீச்சர், செவ்வந்தி மஞ்சள்தானே, இது கத்தரிப்பூ கலராக் கிடக்கு" எண்டு கேட்டிட்டு, எனக்குப் பதில் வரல்ல. நாளைக்குள்ள ஒரு சொல் வேணும்.
— ஆரையம்பதி

டீச்சர், அது பூ இல்ல. செம்மை + அந்தி. பொழுதுபடுற நேரம் பாலத்தில நிண்டு வாவியப் பாருங்க, அந்தக் கடைசி நிறம்தான் இந்தக் கல்லு.
— கல்லடி

அந்தி விளக்கம் வடிவுதான் சேர், ஆனா பிள்ளைக்குப் பூதான் முதல்ல ஞாபகம் வரும். மறுகா இன்னொண்டு, இந்தக் கல்லை 400, 500 பாகை செல்சியஸ் வரைக்கும் சூடாக்கினா மஞ்சளாகிரும், கடையில சிட்ரின் எண்டு விக்கிறதில கனக்க அப்படிச் சுட்டதுதான், அப்ப செவ்வந்தி எண்ட பேர் சுட்ட கல்லுக்கெல்லோ பொருந்துது! படிகத்துக்குள்ள துளி இரும்பு இருந்து அதில பாறையிட இயற்கைக் கதிர்வீச்சுப் பட்டாத்தான் இந்த ஊதா வரும். நாவற்கல் எண்டு போடுங்க. ஹிந்திக்காரரும் நாவலை வச்சு ஜாமுனியா எண்டுதான் சொல்றாங்க. நாவல்பழம் திண்ட பிள்ளைக்கு விளக்கமே தேவல்ல.
— அக்கரைப்பற்று

பைபிளை ஒருத்தரும் பாக்கல்லயா? பழைய மொழிபெயர்ப்பில யாத்திராகமம் 28:19ல தலைமைக்குரு ஆரோனிட மார்ப்பதக்கத்தில மூன்றாம் வரிசை, வெளிப்படுத்தல் 21:20ல பன்னிரண்டாவது அத்திவாரக் கல், ரெண்டிலயும் சுகந்திதான். ஆயர்மார் மோதிரத்தில போடுற கல்லும் இதுதான். இருக்கிற சொல்லை விட்டுட்டுப் புதுசு என்னத்துக்கு?
— கல்முனை

சுகந்தி எண்டா வாசம், கல்லுக்கு ஏது வாசம்? வடசொல்லும் கூட. கிரேக்கத்தில அமெதுஸ்தோஸ் எண்டா வெறிக்காதது, இந்தக் கல்லைப் போட்டுக்கிட்டுக் குடிச்சா வெறி ஏறாது எண்டு நம்பினவங்க. அதால வெறியறுகல் எண்டு ஆக்கலாம், எங்கட பக்கம் வெறி எண்டா குடிவெறிதானே. அந்தக் கிரேக்க வேர் 'மெது', வடமொழி மதுவுக்கு உறவு. எங்கட மட்டு எண்ட சொல்லுக்கும் கள், தேன் எண்டு பொருள் இருக்கு, மட்டுநகர் எண்ட எங்கட மட்டக்களப்பும் தேன்நாடு, எல்லாம் ஒரே கொடி எண்டுதான் நான் நினைக்கிறன்.
— கல்லடி

சேர், மெதுவும் மதுவும் உறவு, சரி. மட்டக்களப்பை அதில கட்டாதீங்க, அது களப்பை, அதாவது வாவியை, வச்சு வந்த பேர். வெறியறுகல் எண்டு எழுதினா அண்டைக்கே பெற்றோர் வந்து குடிய நிப்பாட்டுமா எண்டு கேப்பாங்க. மதுக் கடவுளுக்குப் பயந்து ஒரு பெண் கல்லான கதையும் பழங்கிரேக்கம் இல்ல, 1576ல ரெமி பெல்லோ எண்ட பிரெஞ்சுக் கவிஞர் கட்டினது.
— அக்கரைப்பற்று

எல்லாருக்கும் நன்றி. நாலு பேர் செவ்வந்திக்கல் எண்டு தனியா எழுதினாங்க, அதையே பெரிசா அடிச்சிட்டன். கீழ "நாவல்பழ நிறப் படிகம், பைபிள்ல சுகந்தி" எண்டு சின்னதா.
— ஆரையம்பதி

பெரிசா வர வேண்டியது நாவற்கல்தான் டீச்சர். வெள்ளிக்கிழமை வாறன், பிள்ளையளிட்டயே கேப்பம்.
— அக்கரைப்பற்று